லினக்ஸில் மென்பொருள் போடுவது, எடுப்பது, உடைந்தால் சரிசெய்வது: பேக்கேஜ் மேனேஜர் முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் என் டிடிபி கடையில் நான்கு கணினிகள் இருக்கின்றன. நான்கிலும் லினக்ஸ்தான். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், பழைய புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்குவது என்று நாள் முழுக்க வேலை ஓடும். கடைக்கு வருகிறவர்களும், அம்பை, சேரன்மகாதேவி, வள்ளியூர்ப் பக்கமிருந்து போன் செய்கிறவர்களும் கேட்கிற கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும். லினக்ஸில் ஒரு சாஃப்ட்வேரை எப்படிப் போடுவது? போட்டது ஏன் ஓடவில்லை? வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது?

விண்டோஸ் பழகிய கை முதலில் செய்வது, கூகுளில் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து செட்டப் ஃபைலை இறக்குவது. லினக்ஸில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இங்கே மென்பொருள் உள்ளே வர ஒரு வாசல் இருக்கிறது. அதற்குப் பெயர் பேக்கேஜ் மேனேஜர். எல்லாமே அந்த வாசல் வழியாக வரட்டும். வாசலில் அது நீட்டும் பட்டியலை வாசித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் உங்கள் கணினி வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடும்.

கட்டளைகளை நான் போனில் சொல்வதுபோல ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். சூடோ என்றால் எஸ்-யூ-டி-ஓ. ஆப்ட் என்றால் ஏ-பி-டி, டெர்மினல் என்ற சொல்லின் டி. டிபிகேஜி என்றால் டி-பி-கே-ஜி, டேட்டா என்ற சொல்லின் டி. அப்டேட், இன்ஸ்டால், ரிமூவ் எல்லாம் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். சூடோ போட்டுத் தொடங்கும் கட்டளை நிர்வாகி அதிகாரத்தில் ஓடும், அதனால் பாஸ்வேர்டு கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. பயப்படாமல் தட்டி என்டர் அடியுங்கள்.

முதலில், உங்கள் லினக்ஸ் எந்தக் குடும்பம்?

கண்ட்ரோல், ஆல்ட், டி (டெர்மினலின் டி) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான லினக்ஸில் கட்டளை தட்டும் டெர்மினல் திறக்கும். அதில்:

கேட் /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ்

வருகிற வரிகளில் ஐடி, ஐடி லைக் என்ற இரண்டைப் பாருங்கள். டெபியன் அல்லது உபுண்டு என்று இருந்தால் உங்கள் கருவி ஆப்ட். ஃபெடோரா, ராக்கி, அல்மா என்றால் டிஎன்எஃப். ஆர்ச், மஞ்சாரோ என்றால் பேக்மேன். ஓப்பன்சூசே என்றால் ஸிப்பர்.

நம் பக்கம் நான் பார்ப்பதில் பெரும்பாலும் உபுண்டுவும் லினக்ஸ் மின்ட்டும்தான். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. விண்டோஸ் ஊர்ந்து போகும் அந்தக் கணினியில் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுக் கொடுத்தால் தட்டச்சுக்கும் பாடம் படிக்கவும் தாராளமாகப் போதும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். அதனால் ஆப்ட்டை விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றைப் பின்னால் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஒரு பேக்கேஜைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும்?

டெபியன் குடும்பத்தின் பேக்கேஜ் ‘.டெப்’ என்று முடியும். நம் கடைப் பொட்டலம் மாதிரி அதையும் பிரித்துப் பார்க்கலாம். கையில் ஒரு டெப் ஃபைல் இருந்தால், ஏஆர் டி (டெர்மினலின் டி) என்று தட்டி அந்த ஃபைலின் பெயரைக் கொடுங்கள். உள்ளே மூன்றே உருப்படிகள் தெரியும். டெபியன்-பைனரி என்ற சின்ன ஃபைலில் 2.0 என்ற பதிப்பு எண் மட்டும் இருக்கும். கண்ட்ரோல் என்ற மூட்டையில் பேக்கேஜின் பெயர், பதிப்பு, அதற்கு வேறு என்னென்ன வேண்டும் என்ற விவரம். டேட்டா என்ற மூட்டையில் கணினிக்குள் போய் உட்காரப்போகும் உண்மையான ஃபைல்கள்.

அந்தக் கண்ட்ரோல் மூட்டையில் இன்னொன்றும் இருக்கலாம்: நிறுவும்போதும் நீக்கும்போதும் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள். அவை ரூட் அதிகாரத்தில் ஓடும். அதாவது, முன்பின் தெரியாத ஒரு டெப் ஃபைலை நிறுவுகிறீர்கள் என்றால், முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து ‘உள்ளே போய் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள்.

இதைப் பிரித்து உள்ளே வைப்பது டிபிகேஜி. 1994இலிருந்து இருக்கும் கருவி. கொடுத்த பொட்டலத்தை மட்டும் பிரிக்கும். அதற்கு வேறு ஏதாவது தேவை என்றால் ‘இல்லை’ என்று சொல்லி நின்றுவிடும். கடைக்குப் போய்த் தேவையானதையும் சேர்த்து வாங்கி வருவது ஆப்ட். 1999இல் டெபியன் 2.1உடன் வந்தது. அப்போது கட்டளை ஆப்ட்-கெட் என்று இருந்தது. வெறும் ஆப்ட் என்று சுருக்கமாகத் தட்டுவது 2014இல் வந்த வசதி. பழைய குறிப்புகளில் ஆப்ட்-கெட் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இன்றும் அது வேலை செய்யும்.

‘வேறு என்ன வேண்டும்’ என்பதில் மூன்று தரம் உண்டு. நம்மூர் மறுவீட்டுச் சொதியை வைத்துச் சொல்கிறேன். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் இல்லாமல் சொதி கிடையாது. அது டிபெண்ட்ஸ். இஞ்சிப் பச்சடி இல்லாமலும் சாப்பிடலாம், ஆனால் விருந்தில் யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். அது ரெகமெண்ட்ஸ். அப்பளம் உங்கள் விருப்பம். அது சஜஸ்ட்ஸ். ஆப்ட் தானாகவே முதல் இரண்டையும் கொண்டுவரும், மூன்றாவதைப் பெயர் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடும். போன் டேட்டாவில் இறக்குகிறீர்கள், இடமும் குறைவு என்றால் கட்டளையோடு --நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ் என்று சேர்த்தால் பச்சடி இல்லாமல் சொதி மட்டும் வரும். அப்புறம் ஏதாவது வசதி வேலை செய்யவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு

சூடோ ஆப்ட் அப்டேட்

இது எந்த மென்பொருளையும் மாற்றாது. கடையில் இன்று என்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதிதாக வாங்கி வருகிறது, அவ்வளவுதான். திரையில் ஹிட் என்று வந்தால் பட்டியல் மாறவில்லை. கெட் என்றால் புதிதாக இறங்குகிறது. எர் என்றால் அந்த இடத்தை எட்ட முடியவில்லை. இதன் கடைசி வரியைக் கட்டாயம் வாசியுங்கள், எத்தனை பேக்கேஜுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று சொல்லும்.

சூடோ ஆப்ட் அப்கிரேட்

இதுதான் உண்மையில் புதுப்பிக்கிறது. சாதாரண அப்கிரேட், ஏற்கெனவே இருக்கும் எதையும் நீக்காது. ஃபுல்-அப்கிரேட் என்று தட்டினால் தேவைப்பட்டால் சிலவற்றை நீக்கவும் செய்யும். அன்றாடத்துக்கு முதலாவது போதும்.

பட்டியல் வாங்காமல் நேரே இன்ஸ்டால் தட்டினால், பழைய பட்டியலில் இருக்கும் பதிப்பு கடையில் இல்லாமல் 404 பிழை வரும். ‘நெட் நல்லாத்தான் இருக்கு, ஆனா டவுன்லோடு ஆகல’ என்று வரும் போன்களில் பல இதுதான். ஒரு முறை அப்டேட் போட்டால் தீர்ந்தது. உபுண்டுவில் இடைக்காலப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. அவற்றுக்கு ஆதரவு 9 மாதம்தான். அதன் பிறகு அந்தச் சரக்கெல்லாம் வழக்கமான இடத்திலிருந்து பழைய கிடங்குக்கு மாற்றப்பட்டுவிடும். கடைக்கும் வீட்டுக்கும் 22.04, 24.04 மாதிரி எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பையே போடுங்கள். 5 ஆண்டு வழக்கமான ஆதரவு உண்டு.

ஒரு மென்பொருளைத் தேடி, பார்த்து, நிறுவுவது

என் கடையில் அதிகம் உழைக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் டெசரேக்ட்.

ஆப்ட் சர்ச் டெசரேக்ட் டமில்

இரண்டு சொல்லும் பொருந்துகிற பேக்கேஜை மட்டும் காட்டும். டெசரேக்ட்-ஓசிஆர்-டேம் என்று ஒன்று வரும். கடைசிப் பகுதி டி-ஏ-எம். தேடுவதற்கு சூடோ தேவையில்லை. அடுத்து:

ஆப்ட் ஷோ டெசரேக்ட்-ஓசிஆர்-டேம்

இது என்ன, எவ்வளவு பெரியது, எதைச் சார்ந்தது என்று விவரம் வரும். எந்த வாசலிலிருந்து வரப்போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஆப்ட் பாலிசி என்று தட்டி பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். இன்ஸ்டால்டு என்ற வரியில் இப்போது இருக்கும் பதிப்பு, கேண்டிடேட் என்ற வரியில் வரப்போகும் பதிப்பு. சிக்கல் வந்தால் நான் முதலில் தட்டுவது இந்தப் பாலிசிதான்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசரேக்ட்-ஓசிஆர் டெசரேக்ட்-ஓசிஆர்-டேம்

இப்போது ஆப்ட் ஒரு பட்டியலை நீட்டி, ஒய் அல்லது என் என்று கேட்கும். இங்கேதான் நிற்க வேண்டும். புதிதாக வருபவை எவை, நீக்கப்படுபவை எவை, எத்தனை எம்பி இறங்கும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது ‘ரிமூவ்டு’ என்று பெரிய எழுத்தில் வரும் தலைப்பு இருக்கிறதா என்றுதான். ஒன்றை நிறுவச் சொல்லும்போது வேறொன்றை நீக்குகிறேன் என்று அது சொன்னால், ஏன் என்று தெரியும்வரை ஒய் தட்டாதீர்கள்.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன், முழு ஆண்டுத் தேர்வு நேரம். ஒரு பிரிண்டருக்காக எங்கோ படித்த வெளி ரெப்போவை (பேக்கேஜ்களை அடுக்கி வைத்திருக்கும் இணையக் கிடங்கு) சேர்த்துவிட்டு இன்ஸ்டால் தட்டினேன். பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்த அவசரத்தில் ஒய் தட்டிவிட்டேன். மறுபடி கணினியைப் போட்டபோது டெஸ்க்டாப்பே இல்லை. கறுப்புத் திரையில் லாகின் கேட்டு நின்றது. ஒரு பள்ளியின் கேள்வித்தாள் மறுநாள் காலை கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு மீண்ட வழியை அப்படியே சொல்கிறேன். நெட் கேபிளை நேரே கணினியில் செருகினேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி லாகின் செய்தேன். பிறகு:

லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்

லாக் இங்கே எல்-ஓ-ஜி. ஆப்ட் செய்த ஒவ்வொன்றும், தேதியும் நேரமும் தட்டிய கட்டளையும் உட்பட அதில் பதிவாகியிருக்கும். கடைசிப் பதிவில் ரிமூவ் என்ற வரியில் என்னென்ன போயின என்று நீளமாக இருந்தது. வெளி ரெப்போவின் ஃபைலை சோர்சஸ்.லிஸ்ட்.டி கோப்புறையிலிருந்து எடுத்தேன், அப்டேட் போட்டேன், அப்புறம் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஸுபுண்டு-டெஸ்க்டாப் என்று தட்டினேன், எக்ஸ்-யூ-பி-யூ-என்-டி-யூ. அந்த ஒரு பெயரே டெஸ்க்டாப்புக்குத் தேவையான எல்லாவற்றையும் இழுத்துவரும் மெட்டா பேக்கேஜ். இரவு ஒன்றரை மணிக்குத் திரை திரும்பி வந்தது. கேள்வித்தாள் ஃபைல் ஹோம் கோப்புறையில் பத்திரமாக இருந்தது. ஆப்ட் உங்கள் ஹோம் கோப்புறையில் இருப்பதைத் தொடாது.

சரி, டெசரேக்டுக்கு வருவோம். நிறுவியதும் இப்படி ஓட்டலாம்:

டெசரேக்ட் பக்கம்.பிஎன்ஜி வெளியீடு -எல் டேம்

படத்தின் பெயரும் வெளியீட்டின் பெயரும் நீங்கள் வைப்பது. வெளியீட்டுப் பெயரோடு டிஎக்ஸ்டி சேர்ந்த ஃபைல் ஒன்று உருவாகும். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் பிழை குறையும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் இதே முறையில் சேர்க்க வேண்டிய இன்னும் இரண்டு: லோகித் எழுத்துருவுக்கு ஃபாண்ட்ஸ்-லோகித்-டேம்ல், கடைசிப் பகுதி டி-ஏ-எம்-எல். தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என்.

நீக்குவது

சூடோ ஆப்ட் ரிமூவ் என்றால் மென்பொருள் போகும், அதன் அமைப்பு ஃபைல்கள் ஈடிசி கோப்புறையில் தங்கும். மறுபடி போடும்போது பழைய அமைப்பே இருக்கட்டும் என்றால் இது நல்லது. சுத்தமாக வேண்டாம் என்றால் ரிமூவ் இருக்கும் இடத்தில் பர்ஜ்.

துணைக்கு வந்தவை இன்னும் உள்ளே இருக்கும். அவற்றை எடுக்க சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ். இதிலும் பட்டியலை வாசியுங்கள். நான் மேலே சொன்ன மெட்டா பேக்கேஜை யாராவது நீக்கியிருந்தால், அதன் துணைக்கு வந்த எல்லாம் ‘இனி யாருக்கும் வேண்டாதவை’ என்று இந்தப் பட்டியலில் வந்து நிற்கலாம். வேண்டியது ஏதாவது தெரிந்தால் சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் என்று தட்டி அதன் பெயரைக் கொடுங்கள், பட்டியலிலிருந்து விலகிவிடும்.

இந்த ஃபைல் எந்தப் பேக்கேஜில் வந்தது என்று அறிய டிபிகேஜி -எஸ், பெரிய எஸ். ஒரு பேக்கேஜ் எங்கெல்லாம் ஃபைல் வைத்தது என்று அறிய டிபிகேஜி -எல், பெரிய எல். சின்ன எல் போட்டால் நிறுவப்பட்ட பேக்கேஜ்களின் பட்டியல் வரும்.

வெளி ரெப்போ: மூலப்பத்திரம் பார்த்துச் சேருங்கள்

டெபியன் 12, 2023இல் வந்தபோது அதில் 64 ஆயிரத்துக்கும் மேல் பேக்கேஜ்கள் இருந்தன. வீட்டுக்கும் கடைக்கும் வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே கிடைத்துவிடும். இருந்தாலும் சில நேரம் வெளியே போக வேண்டிவரும்.

ஆப்ட் எப்படி நம்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே கவனம் வேண்டும் என்று புரியும். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து வழிவழியாகப் பார்த்துக்கொண்டு வருவோமே, அதே முறைதான். உங்கள் கணினியில் ரெப்போவின் பொதுச்சாவி இருக்கிறது. ரெப்போவில் இன்ரிலீஸ் என்ற ஃபைலில் அந்தச் சாவிக்குப் பொருந்தும் கையொப்பம் இருக்கிறது. அந்த ஃபைலுக்குள் சரக்குப் பட்டியலின் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை மாதிரியான எண்), பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் ஃபைலின் செக்சம். நடுவில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் சங்கிலி அறுந்துவிடும், ஆப்ட் நிறுவ மறுக்கும். அதனால்தான் வெறும் எச்டிடிபி வழியாக இறக்கினாலும் பேக்கேஜ் மாறாமல் வந்ததா என்று உறுதி செய்ய முடிகிறது.

ஆனால் மூலப்பத்திரமே போலி என்றால்? நீங்கள் சேர்க்கும் சாவிதான் அந்த மூலம். ஆப்ட்-கீ ஆட் என்று தட்டச் சொல்லும் பழைய குறிப்பைப் பார்த்தால் மூடிவிடுங்கள். அப்படிச் சேர்த்த சாவியை எல்லா ரெப்போவுக்கும் பொதுவாக ஆப்ட் நம்பும். இப்போதைய முறையில் சாவியை /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் கோப்புறையில் வைத்து, ரெப்போவின் ஃபைலில் சைன்டு-பை என்ற வரியில் அந்தச் சாவியைக் காட்டுவார்கள். அப்போது அந்தச் சாவி அந்த ரெப்போவுக்கு மட்டும்தான் செல்லும். கர்ல் என்று தொடங்கி சூடோ பாஷ் என்று முடியும், நெட்டிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி வாசிக்காமலே ரூட் அதிகாரத்தில் ஓட்டும் ஒற்றை வரிக் கட்டளைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

தனி டெப் ஃபைல் கையில் இருந்தால், அது இருக்கும் கோப்புறைக்குப் போய் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று தட்டி, புள்ளி, சாய்கோடு, ஃபைல் பெயர் என்று கொடுங்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் ஆப்ட் அந்தப் பெயரைக் கடையில் தேடப் போய்விடும். டிபிகேஜி மூலம் நிறுவுவதைவிட இது நல்லது, தேவையான துணைகளையும் சேர்த்துக் கொண்டுவரும்.

புதிய பதிப்புக்கு அவசரப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது 2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்ஸெட் விவகாரம். ஃபைல்களைச் சுருக்கும் அந்தக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தார்கள். லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது வந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்புக்குள் வரவில்லை. நிலையான பதிப்பு ஆறு மாதம் பழைய சரக்கைத் தருகிறது என்று குறைப்படுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

உடைந்தால் என்ன செய்ய?

அம்பையிலிருந்து என் அக்காள் மகன் ஒரு நாள் போன் செய்தான்.

“மாமா, இன்ஸ்டால் போட்டா லாக்குன்னு ஏதோ வருது. யூடியூப்ல லாக் ஃபைல அழிச்சிரச் சொல்லுதாங்க. அழிச்சிரவா?”

“அதத் தொடாத மருமவனே. பத்து நிமிசம் பொறு.”

இந்த லாக் என்பது பூட்டு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நிறுவுவதற்காக. அதை வைத்திருந்தது தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. உபுண்டுவில் கணினியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அது பின்னால் ஓடத் தொடங்கும். எந்தப் புராசஸ் லாக்கை வைத்திருக்கிறது என்று ஆப்ட்டே எண்ணோடு சொல்லும். அனட்டண்டட் என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் காத்திருங்கள். லாக்கை அழித்துவிட்டு உள்ளே நுழைந்தால் இரண்டு பேர் ஒரே கணக்கு நோட்டில் ஒரே நேரத்தில் எழுதுவதுபோல டிபிகேஜியின் பதிவேடு குழம்பும்.

அடுத்தது கரண்ட். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்கிரேட் பாதியில் ஓடும்போது மின்சாரம் போனால், சில பேக்கேஜ்கள் பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாமலும் நிற்கும். இந்த வரிசையில் தட்டுங்கள்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது பாதியில் நின்றவற்றை முடிக்கும். இரண்டாவது விட்டுப்போன துணைகளைக் கொண்டுவரும். பெரும்பாலும் இதற்கு மேல் தேவைப்படாது. இரண்டும் தோற்றால் டிஎஃப் -எச் தட்டி வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட் பகுதி பழைய கெர்னல்களால் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) நிரம்பியிருந்தால் சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ் இடம் விடுவிக்கும்.

ஒரு பதிப்பு நன்றாக ஓடுகிறது, புதிது வந்தால் பிரிண்டர் படுத்துவிடும் என்று தெரிந்தால் சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்டு, அப்புறம் பேக்கேஜ் பெயர். விடுவிக்க அன்ஹோல்டு. ஹோல்டு போட்டதை ஒரு தாளில் எழுதிக் கணினி மேல் ஒட்டிவையுங்கள். மறந்தால் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து நின்றுவிடும்.

நெட் குறைவான இடத்தில்

நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளி ஆய்வகத்துக்கு உதவப் போனபோது செய்தது இது. 20 கணினிகள், ஒரே ஒரு போன் இணைப்பு. ஒரு கணினிக்கு 300 எம்பி என்றால் எல்லாவற்றுக்கும் 6 ஜிபி. அதற்கு ஒரு கணினியில் மட்டும் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்று நிறுவினோம். அது 3142 என்ற போர்ட்டில் உட்கார்ந்து, ஒரு முறை இறங்கிய பேக்கேஜைச் சேமித்து மற்றவர்களுக்கு உள்ளூரிலேயே கொடுக்கும். மற்ற 19 கணினிகளில் /ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி கோப்புறையில் 01ப்ராக்சி என்று ஒரு ஃபைல் உருவாக்கி ஒரு வரி எழுத வேண்டும்:

அக்வயர்::எச்டிடிபி::ப்ராக்சி "எச்டிடிபி://192.168.1.10:3142";

அக்வயரின் ஏ, ப்ராக்சியின் பி இரண்டும் பெரிய எழுத்து. கடைசி அரைப்புள்ளியை விட்டுவிடக் கூடாது. எண்கள் இருக்கும் இடத்தில் உங்கள் முதல் கணினியின் முகவரி.

நெட்டே இல்லாத வீடு என்றால் பென்டிரைவ். நெட் உள்ள கணினியில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --டவுன்லோடு-ஒன்லி என்று தட்டி பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் டெப் ஃபைல்கள் /வார்/கேச்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் கோப்புறையில் சேரும். இரண்டு கணினியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இறக்குகிற கணினியில் ஏற்கெனவே இருக்கும் துணைகள் இறங்காது, அதனால் புதிதாக நிறுவிய கணினியில் இறக்குவதே நல்லது.

மற்ற குடும்பங்கள்

ரெட்ஹேட் வழியில் 1995இலிருந்து ஆர்பிஎம். ஃபெடோராவில் 2015இல் யம் போய் டிஎன்எஃப் வந்தது. சூடோ டிஎன்எஃப் அப்கிரேட் தட்டினால் பட்டியலும் தேவைக்கேற்பப் புதுப்பிக்கப்படும், தனி அப்டேட் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது டிஎன்எஃப் ஹிஸ்டரி. செய்தவற்றை எண் போட்டுக் காட்டும். சூடோ டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ 27 என்று தட்டினால் 27ஆவது செயலைத் திரும்ப எடுக்க முயலும். கேள்வித்தாள் இரவில் இது என் கையில் இருந்திருக்கலாம்.

ஆர்ச்சில் சூடோ பேக்மேன் -எஸ்ஒய்யூ, எஸ் மட்டும் பெரிய எழுத்து. கடைசி யூவை விட்டுவிட்டு, பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரே ஒரு பேக்கேஜை நிறுவுவதை எப்போதும் செய்யாதீர்கள். ஒன்று புதிது, மற்றவை பழையது என்று ஆகி மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிகள் பொருந்தாமல் போகும். ஏயூஆர் என்பது பயனர்கள் தாங்களே ஏற்றும் இடம். அங்கே, பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பிகேஜிபில்டு ஃபைலைத் திறந்து வாசிக்காமல் எதையும் போட வேண்டாம். ஓப்பன்சூசேயில் சூடோ ஸிப்பர் ரெஃப்ரெஷ், சூடோ ஸிப்பர் இன்ஸ்டால்.

ஃபிளாட்பேக், ஸ்னாப், பிப்

பழைய எல்டிஎஸ்ஸில் படம் வரையும் இங்க்ஸ்கேப்பின் புதிய பதிப்பு வேண்டும் என்றால் ஃபிளாட்பேக் நல்ல வழி. தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தானே கொண்டுவருவதால் அடித்தளத்தைக் கலைக்காது. முதல் முறை ரன்டைம் என்ற பொதுவான அடிப்படை மூட்டை சில நூறு எம்பிக்கு இறங்கும், தயாராக இருங்கள். அடுத்தடுத்தவை அதையே பகிர்ந்துகொள்ளும். அவ்வப்போது ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு போட்டால் தேவையில்லாதவை போகும். ஸ்னாப்பும் இதே எண்ணம்தான். உபுண்டு 22.04 முதல், ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ் என்று தட்டினாலும் வருவது ஸ்னாப்தான். லினக்ஸ் மின்ட் 2020இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை அடைத்து வைத்திருக்கிறது. பழைய லேப்டாப்பில் முதல் முறை திறக்க ஸ்னாப் நேரம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் நான் மின்ட்டையே போட்டுக் கொடுக்கிறேன்.

இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பிப் என்பது பைத்தான் துணைகளை இறக்கி நிறுவும் கருவி. சூடோ பிப் இன்ஸ்டால் வேண்டவே வேண்டாம். சிஸ்டத்தின் பல கருவிகள் பைத்தானில் ஓடுகின்றன, ஆப்ட் வைத்ததை பிப் மேலெழுதினால் அவை விழும். டெபியன் 12 முதல் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று பிப்பே மறுக்கும். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ் போட்டுவிட்டு, உங்கள் புராஜெக்ட் கோப்புறையில் பைத்தான்3 -எம் வென்வ் சூழல் என்று தனி அறை கட்டிக்கொள்ளுங்கள். வென்வ் என்றால் வி-ஈ-என்-வி, சூழல் என்ற இடத்தில் நீங்கள் விரும்பும் பெயர். அதற்குள் பிப் என்ன செய்தாலும் வெளியே பாதிப்பு இல்லை.

புதுக் கணினிக்கு மாறும்போது

பழையதில் இதைத் தட்டுங்கள்:

ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் > பட்டியல்.டிஎக்ஸ்டி

நீங்களாகக் கேட்டு நிறுவியவையும், லினக்ஸ் போட்டபோதே வந்த அடிப்படைகளும் அந்த ஃபைலில் வரிக்கு ஒன்றாக வரும். துணைக்கு வந்தவை வராது. அதைத் திறந்து, தெரியாத பெயர்களையும் கெர்னல் பெயர்களையும் எடுத்துவிட்டு, புதுக் கணினிக்குக் கொண்டுபோய்:

எக்ஸ்ஆர்க்ஸ் -ஏ பட்டியல்.டிஎக்ஸ்டி சூடோ ஆப்ட் இன்ஸ்டால்

கடைசியில் ஒய் அல்லது என் என்று கேட்டு நிற்கும். பட்டியல் நீளமாக இருக்கும். ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு மேலிருந்து வாசியுங்கள்.